சின்னப்பன் வைக்காத விஷம்

வலி வந்தபோது நான் களத்தில் நின்று ஓர் ஆளை அடித்துக்கொண்டிருந்தேன். பூட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டான் என்று கோபம். ஓர் அறை விட்டேன். இரண்டாவது அறைக்குத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

கடப்பாரையை நெஞ்சில் இறக்கினாற்போல இருந்தது என்று பிறகு டாக்டரிடம் சொன்னேன். அது சரியில்லை. கடப்பாரை ஓரிடத்தில்தான் இறங்கும். இது நெஞ்சு முழுவதையும் பிடித்து நசுக்கியது. இடது தோளிலிருந்து சுண்டு விரல் வரை ஓடியது. கீழ்த்தாடைப் பற்களை மொத்தமாகப் பிடுங்குவது போல வலித்தது. வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தேன். வெட்டவெளியில் நின்றும் மூச்சுக்குக் காற்றுக் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிற உடம்பு. அந்த உடம்பு வைக்கோலில் குப்புற விழுந்து காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

என்னைத் தூக்கிப் பிடித்தவன் என்னிடம் அறை வாங்கியவன்தான். என் அண்ணன் மகன் பலராமன் ஓடி வந்தான்.

"சித்தப்பா! இன்னா ஆச்சி? எவன் இன்னா பண்ணான்?"

நான் ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். "சின்னப்பன்."

அந்த ஒரு சொல் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் என் நோயைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

எங்கள் ஊர் மானாம்பதிக்குப் பக்கம். ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு எட்டுக் காணி நிலம். சின்னப்பன் எங்கள் வீட்டுப் படியாள், படிநெல்லுக்கு உழைக்கும் பண்ணையாள். அவன் அப்பாவும் எங்கள் நிலத்தில்தான் உழைத்துச் செத்தார். ஊருக்கு வெளியே, மாதா கோயிலை ஒட்டிய சேரியில் அவன் வீடு. நான் விழுந்ததற்கு மூன்று வருஷம் முன்பு, எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து பம்பு செட் போட்ட வருஷம், அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டான். தனக்காகக் கேட்கவில்லை, எல்லா ஆட்களுக்கும் சேர்த்துக் கேட்டான். என் அண்ணன் கோதண்டம் செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அடித்தார். அன்று மத்தியானம் அண்ணனுக்குத் தாகம். சின்னப்பனையே கூப்பிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். குடித்துவிட்டு வரப்பில் நாலு எட்டு நடந்திருப்பார். மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாயில் நுரை. தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தொன்பது வயது.

காலையில் செருப்படி, மத்தியானம் இளநீர். இதற்கு மேல் எங்களுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

சின்னப்பனைப் பம்பு செட் கொட்டாய்க்கு இழுத்துப் போனேன். "நான் ஒண்ணும் பண்ணல ஆண்டே. காத்தாலயே மாரு வலிக்குதுன்னு சொன்னாரு ஆண்டே" என்று கத்தினான். எந்தக் கையால் இளநீர் வெட்டினாய் என்று கேட்டேன். அடிக்கப் போகிறேன் என்று தெரியாமல் வலது கையைக் காட்டினான். அதைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்து இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். தொட்டியில் ரத்தம் கலந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி நாற்றங்காலுக்குப் போனது.

தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் கை முறிந்தது என்று கிராம முன்சீப் எழுதிக்கொண்டார். அண்ணனை அன்றைக்கே எரித்துவிட்டோம். சின்னப்பன் மனைவி ஞானம்மா மட்டும் எங்கள் தெரு முனையில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம் புருசன் கைய ஒடச்சவனே, ஒனக்கும் மாரு அடைக்கும்டா. துடிச்சித்தான் சாவ."

களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது எனக்குக் கேட்டது அவள் குரல்தான். அவளும் சின்னப்பனும் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பினேன். அதனால் அந்தப் பெயர் வாயில் வந்தது.

உத்திரமேரூர் டாக்டர் ஓர் ஊசி போட்டார். அதற்குப் பிறகு வலி இருந்தது. ஆனால் கொஞ்சம் தள்ளி, வேறு யாருக்கோ வலிப்பது போல இருந்தது. வாடகைக் காரில் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரி. என் மனைவி கன்னியம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம், "கண்ண மூடாதீங்க, இங்க பாருங்க" என்று என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் அவள் தட்டுவது நின்றது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் கை மரத்துவிட்டது, மறுகையால் தட்ட ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பிலும் கை கால்களிலும் பசை தடவி, கம்பி இணைத்த தகடுகளை வைத்து, ஒரு பெட்டியை ஓடவிட்டார்கள். நீளக் காகிதத்தில் கோடு கோடாக வந்தது. இதயம் அடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை அந்தப் பெட்டி எழுதுகிறது, சதை செத்த இடத்தில் கோடு மாறிவிடும் என்று சொன்னார்கள். என் காகிதத்தைப் பார்த்த டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

அசையக் கூடாது என்பதுதான் வைத்தியம். ஆறு வாரம். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். சோற்றைக் கன்னியம்மா ஊட்ட வேண்டும். மலம் கழிப்பதும் படுத்தபடியேதான். முதல் நாள் வெட்கத்தில் அடக்கிக்கொண்டேன். நர்ஸம்மா, "அடக்கி வெச்சு அப்புறம் முக்கினா உசுரு போயிடும். வெட்கத்துல யாருக்காவது உசுரு போயிருக்கா?" என்று அதட்டினார். அதற்குமேல் அடக்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, வேகமான நடை. இரண்டாம் நாள் காலை என் கண்ணுக்குக் கீழே விரலை வைத்து இமையை இழுத்துப் பார்த்தார். அங்கே மஞ்சளாக ஒரு தடிப்பு, துவரம்பருப்பு அளவு. எனக்குப் பல வருஷமாக இருக்கிறது. பிறகு போர்வையை விலக்கிக் குதிகால் நரம்பைப் பிடித்து அழுத்தினார். இரண்டு காலிலும் கெட்டியாக முண்டு இருந்தது. விரல் முட்டிகளைத் தடவினார். அங்கேயும் இருந்தது.

"உங்க அப்பா எப்படி இறந்தார்?"

"ஏர் ஓட்டிக்கினு இருக்கசொல்ல வியுந்துட்டாரு."

"எத்தனை வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"கூடப் பிறந்தவங்க?"

கன்னியம்மா சொன்னாள். "பெரிய மாமா ஒருத்தரு. அவரும் இல்ல. வெசம் வெச்சி..."

"விஷம்னு யார் சொன்னது? அறுத்துப் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அண்ணன் எப்படி விழுந்தார், எங்கே பிடித்துக்கொண்டார், அதற்கு முன் வலி சொன்னாரா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையிலேயே மாரு வலிக்கிறது என்று சொன்னாராம் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எனக்குச் சொன்னவன் யார், எப்போது சொன்னான் என்று அவர் கேட்கவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்பெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருகிற குழாய்கள் வைக்கோல் தாள் பருமன்தான். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. எல்லோருக்கும் உண்டு, அது இல்லாமல் உடம்பு இல்லை. அளவுக்கு மேல் போனால் குழாயின் உள்சுவரில் மெழுகு மாதிரி மஞ்சளாகப் படியும். வருஷக்கணக்கில் படிந்து மேடாகும். மேடு ஒரு நாள் வெடிக்கும். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவது போல அங்கேயும் உறையும். உறைந்த கட்டி வழியை அடைத்துவிடும். அதற்கு அப்பால் இருக்கிற இதயச் சதை பட்டினியில் சாகும்.

"இவரு மேல ஒரு பிடி கொயுப்பு கெடயாதேம்மா" என்றாள் கன்னியம்மா.

"பருமனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா. சாப்பாட்டுல வர்றது கொஞ்சம். மீதியை ஈரலே செய்யுது. இவங்க குடும்பத்துல பிறவியிலேயே அது அதிகம்னு நினைக்கிறேன். கண்ணுலயும் குதிகால்லயும் இருக்கிறது அதே கொழுப்புதான். அப்பாகிட்டேருந்து வந்திருக்கு. அண்ணனுக்கும் வந்திருக்கணும். ரத்தப் பரிசோதனை வரட்டும்."

கன்னியம்மா என் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். "ஊர்ல இவர கொயுப்பெடுத்தவருன்னுதான் சொல்லுவாங்க. அது வேறன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அப்படியென்றால் அண்ணனை யாரும் கொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு இதைத் தள்ளிவிடப் பார்த்தேன். பட்டணத்தில் படித்த பெண்ணுக்கு எங்கள் ஊர்ச் சங்கதி என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கெழுதும் ஒருவர் இருந்தார். மெலிந்த மனிதர், எனக்கு முன்பே வந்தவர். மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் அவர் மகள் டம்ளரில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி குடித்தவர் டம்ளரை அவள் மேலேயே தட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்தார். முகம் நீலமானது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஓர் ஆள் கட்டில் மேல் ஏறி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் நெஞ்சில் வைத்து, முழு எடையோடு குத்திக் குத்தி அழுத்தினார். கட்டில் தரையில் இடித்தது. நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்து அழுத்தி ஓட வைப்பதாம். அழுத்தும்போது அவர் விலா எலும்பு முறிந்தது.

வார்டில் இருந்த மற்றவர்களுக்கு அது என்ன சத்தம் என்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அதே சத்தத்தை என் கையாலேயே எழுப்பியிருக்கிறேன். காதைப் பொத்தக் கையைத் தூக்கினேன். அசையாதே என்று நர்ஸம்மா கத்தினார். கால்மணி நேரம் அழுத்தினார்கள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கிய டாக்டர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் சேலையில் பாலோடு நின்றுகொண்டிருந்தாள். பெற்ற மகள் கொடுத்த பாலைக் குடித்துக்கொண்டே அவர் செத்தார், அந்தப் பாலில் விஷம் இல்லை. அன்றுதான் டாக்டரம்மா சொன்னதை ஒத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் பலராமன் வந்தான். இருபது வயது. அப்பனைப் போலவே உயரம், அப்பனைப் போலவே கோபம். கட்டில் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினான்.

"பயப்படாத சித்தப்பா. அவன புடிச்சி வெச்சிகீறோம்."

"யார?"

"சின்னப்பனத்தான். நீ வியுந்த அன்னிக்கே பம்பு செட்டு கொட்டாயில கட்டிட்டோம். இன்னா வெச்ச, எங்க பொதச்சன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றான். நல்லா குடுத்துக்கினுதான் கீறோம். நீ பொயச்சா அவன உடுவோம். உனக்கு ஒண்ணு ஆச்சின்னா, அவன மாட்டு வண்டியில போட்டு ஏரிக்கு இட்டுக்கினு போயிட வேண்டிதுதான்."

நாலு நாள். நான் மெத்தையில் படுத்துக் கன்னியம்மா கையால் கஞ்சி குடித்த நாலு நாளும் அவன் அங்கே கட்டிக் கிடந்திருக்கிறான்.

"அவுத்து உடுடா" என்றேன். "அவன் ஒண்ணும் பண்ணல. இது நம்ம ரத்தத்துலயே கீற நோவு. ஒங்கப்பனும் அதுலதான் செத்தான்."

"இன்னா சித்தப்பா ஒளற்ற? ஊசி போட்டு மயக்கத்துல பேசற. எங்கப்பன் பொணத்து மேல சத்தியம் பண்ணது நீதான். அவன் கைய ஒடச்சது யாரு, நானா?"

நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. தொட்டி விளிம்பில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் அவன்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காலைக் கீழே வைத்து எழுந்தேன். ஊருக்குப் போய் நானே அவிழ்த்துவிடுவது என்றுதான் நினைப்பு. இரண்டு அடி வைத்திருப்பேன். நெஞ்சு மறுபடி நசுங்கியது. பலராமன் மேலேயே விழுந்தேன். கன்னியம்மா அலறினாள். டாக்டரம்மா ஓடிவந்து என் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்தார். குழாயை விரிக்கிற மாத்திரை. நாக்கு சுரீர் என்றது, மண்டை இடித்தது, நெஞ்சின் பிடி மெல்ல விட்டது.

"யார் இவரை எழுப்பினது?" என்று டாக்டரம்மா பலராமன் மேல் பாய்ந்தார்.

"அங்க ஒருத்தன கட்டி வெச்சி அடிக்கிறாங்கம்மா" என்றாள் கன்னியம்மா. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் முன்பு நடந்தது, இப்போது நடப்பது, எதையும் மறைக்கவில்லை.

டாக்டரம்மா பலராமன் பக்கம் திரும்பினார். "இவர் அண்ணன் மகனா நீ? காலைத் தூக்கி அந்த ஸ்டூல் மேல வை."

"எனக்கு இன்னாத்துக்கு?"

"வை."

வைத்தான். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்தார். "இது எவ்வளவு நாளா இருக்கு?"

"செருப்பு கடிச்சது."

"ரெண்டு கால்லயும் ஒரே இடத்துலயா கடிச்சுது?" அவன் கையை எடுத்து என் குதிகாலில் வைத்தார். பிறகு அவன் குதிகாலிலேயே வைத்தார். "உங்க அப்பா காலைப் பார்த்திருக்கியா?"

கன்னியம்மாதான் சொன்னாள். "பெரிய மாமாவுக்கும் இருந்திச்சி. அந்த கட்டிங்கோ உறுத்துதுன்னு அவரு செருப்பு பின்வார அறுத்துட்டுத்தான் போடுவாரு."

பலராமன் கால் ஸ்டூலிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான். "எனக்கும் வருமா?" என்று கேட்டான். அவன் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"நெய், கறிக்கொழுப்பு, முட்டை மஞ்சள் கருவைக் குறை. பீடியை விடு. ரத்தம் கொடுத்துட்டுப் போ. வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஆள் செத்துட்டா உனக்கு என்ன வரும்னு நல்லாத் தெரியும்."

அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. கன்னியம்மாவையும் போகச் சொன்னேன். என் சோற்றை நர்ஸம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர்கள் போனபிறகு ஒரு பகலும் இன்னொரு பகலின் பாதியும் நான் அசையாமல் கிடந்தேன். செத்துவிடுவேனோ என்ற பயம் இருந்தது. அவன் செத்துப்போயிருந்தால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கன்னியம்மா திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். கொட்டாய் வாசலில் ஞானம்மா நாலு நாளாக உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே சின்னப்பன் மோட்டார் மேடைக் கம்பியில் கட்டப்பட்டுக் கிடந்தான். ஒரு கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. நல்ல கையாக இருந்த இடது கையிலும் இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. காவலுக்கு இருந்த பங்காளிகள் விட மாட்டோம் என்றார்கள். பலராமன் அவர்களில் ஒருவனை அறைந்து தள்ளினானாம். கன்னியம்மா அரிவாளால் கயிற்றை அறுத்து, சொம்பில் தண்ணீர் நீட்டியிருக்கிறாள்.

அவன் வாங்கவில்லை. "நான் குடுத்த எளநீர வெசம்னீங்களே ஆண்டேம்மா. நீங்க குடுக்கறத நான் எப்பிடி குடிக்கறது?" என்று கேட்டானாம். ஞானம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனானாம்.

சொல்லிவிட்டு அவள் எனக்குச் சோறு ஊட்டினாள்.

ரத்தப் பரிசோதனை வந்தது. கொலஸ்ட்ரால் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பலராமனுக்கும் அப்படியே. ஆறு வாரம் முடிந்து, பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்கப் பழகி, வீட்டுக்கு வந்தேன். வந்த அன்று செய்த முதல் வேலை, என் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்துக் குதிகாலைத் தடவிப் பார்த்தது. பையனுக்கு இல்லை. பெண்ணுக்கு, ஒன்பது வயது, லேசாகத் தட்டுப்பட்டது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் சேரிக்குப் போனேன். மாதா கோயில் வரை வண்டி, அதற்கப்பால் நடை. சின்னப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான்.

"சின்னப்பா, எங்கண்ணன நீ ஒண்ணும் பண்ணல."

"அத நான் அன்னிக்கே சொன்னேன் ஆண்டே."

ஏரியோரம் அரைக் காணி அவன் பேருக்கு எழுதி வைக்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து ஞானம்மா வந்தாள்.

"நெலம் அப்பறம் ஆவட்டும். வெசம் வெச்சவன் வூட்டுப் பொண்ணுன்னு எம்பொண்ண ரெண்டு எடத்துல வேணான்ட்டாங்க. இங்க வந்து எங்க வாசல்ல சொன்னா யாருக்கு கேக்கும்? ஒன் தெரு ஆளுங்கோ முன்னால சொல்லு."

என்னை அவள் ஒருமையில் பேசியது மண்ணை வாரித் தூற்றிய நாளையும் சேர்த்து அதுதான் இரண்டாவது முறை. சரி என்றேன்.

ஏரி மதகு திறப்பதைப் பற்றிப் பேச ஊர் கூடியது. எங்கள் ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சேரி ஆட்கள் வழக்கம்போலத் தள்ளி நின்றார்கள். நான் எழுந்து சொன்னேன். அண்ணன் செத்தது நெஞ்சடைப்பில். அப்பா செத்ததும் அதில். எனக்கு வந்ததும் அதுதான். சின்னப்பன் விஷம் வைக்கவில்லை. அவன் மரத்திலிருந்து விழவும் இல்லை. கையை உடைத்தவன் நான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனைக் கட்டி வைத்து அடித்தது எங்கள் வீட்டு ஆட்கள்.

"ஒடம்பு முடியாதவன், ஒக்காருப்பா" என்றார் முன்சீப். "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நீங்க எயுதனது பொய்யி" என்றேன். நெஞ்சில் லேசாகப் பிடித்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பங்காளிகள் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். இனி எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரமாட்டோம் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். பலராமன் எழுந்து வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் குதிகாலைக் காட்டினான். "எனக்கும் கீது. நானும்தான் அவன் கையப் புடிச்சேன்" என்றான். எங்கள் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

சின்னப்பன் சேரி ஆட்களிடமிருந்து விலகி முன்னால் வந்தான். எங்கள் தெரு ஆட்கள் எதிரில் அவர்கள் துண்டு இடுப்பில்தான் இருக்கும். தோளில் போட்டதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. அவன் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்க்கப் பார்த்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையிலும் இரண்டு விரல்கள் கோணியிருந்தன. முடிச்சு வர நேரமாயிற்று. உதவலாமா என்று தோன்றியது, போகவில்லை. ஞானம்மாவும் போகவில்லை.

அவிழ்த்தான். உதறினான். எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே தோளில் போட்டான்.